ஊறுகாய் முதலாளியும் நான் ஓடிய கடைசி ரன்னும்

வில்லோ ஃபெர்ரி, ஒஹாயோ
9 அக்டோபர் 1921

மதிப்பிற்குரிய ‘கூரியர்’ பத்திரிகை ஆசிரியர் அவர்களுக்கு,

ஜாஸ்பர் கோல் எழுதிக்கொண்டது. இங்கே நானும், இடது முழங்கால் நீங்கலாக என் மற்ற அவயவங்களும் சுகம். தங்கள் சுகத்தையும் தங்கள் அச்சு யந்திரத்தின் சுகத்தையும் அறிய ஆவல்.

இப்பவும் நான் எழுத நேர்ந்த காரணம், காலமான ஊறுகாய் ஆலை அதிபர் ஆம்ப்ரோஸ் டில்லிங்கைப் பற்றி வியாழக்கிழமை தாங்கள் போட்ட ஆறு வரி. ‘நம் ஊரின் முதல் பேஸ்பால் அணியை நடத்தியவர், ஆட்டம் தெரியாமல் வெற்றிக் கொடியைக் கோட்டைவிட்டவர்’ என்று முடித்துவிட்டீர்கள். ஆறு வரியில் அடங்குகிற ஆளா ஐயா அவர்?

ஆட்டம் தெரியாது என்பது வாஸ்தவம். அணியை விலைக்கு வாங்கிய பிறகுதான் முதல் ஆட்டத்தையே பார்த்தார். பந்து தாறுமாறாக வந்ததால் எங்கள் ஆள் ஒருவன் விதிப்படி முதல் மூலைக்கு நடந்து போனான். இவர் எழுந்து, “எல்லாரும் ஓடுறாங்க, இவன் மட்டும் மாப்பிள்ளை மாதிரி உலாத்துறான் பாரு! நாளைக்கு இவன் வேணாம்!” என்று கத்தினார். விளம்பரத்துக்காக மைதானத்தின் கோடியில் ஊறுகாய்ப் பீப்பாய்களைத் திறந்து வைத்தார். பந்து அதில் ஒன்றில் விழுந்து, நாங்கள் முழங்கை வரை விட்டுத் துழாவி எடுப்பதற்குள் எதிரணியில் மூன்று பேர் ஓடி முடித்துவிட்டார்கள். சட்டைகளுக்கு ஆலைத் தொட்டியிலேயே பச்சைச் சாயம் போட்டார்; அன்றைக்கென்று மழை பிடித்து, ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் ஒன்பது பேரும் பச்சைக் கழுத்தோடு உட்கார்ந்திருந்தோம், பாதிரியார் பிரசங்கத்தை மறந்து சிரித்துவிட்டார். ஆனாலும் சொல்கிறேன், மேட்லாக் ஊர் ஹோட்டலில் “ஆட்டக்காரப் பசங்களுக்கு ரூம் கிடையாது, உங்களுக்கு மட்டும்னா இருக்கு” என்றபோது, “அப்ப எனக்கும் வேணாம்” என்று எங்களோடு குதிரை லாயத்தில் வைக்கோல்மேல் படுத்தார். பந்து பிடித்துப் பிடித்து விரல் நொறுங்கிய எங்கள் அணி நெட் பார்லோவுக்குத் தன் கையால் சூப் ஊட்டினார். அப்படி ஒரு முதலாளி இனி எங்கே வரப்போகிறார்?

கொடி விஷயத்துக்கு வருகிறேன். 1881 செப்டம்பர், மேட்லாக் அணியோடு அந்த வருஷப் பந்தயத்தின் கடைசி ஆட்டம். ஒரு ரன் பின்தங்கியிருந்தோம். சமன் செய்தாலே கொடி நமக்கு. நான் மூன்றாம் மூலையிலிருந்து ஓடிவந்து ஓட்டத்தை முடிக்கும் ஹோம் பிளேட் தட்டை நோக்கிச் சறுக்கினேன்; தட்டைத் தொடுவதற்குள் பந்தை என்மேல் வைத்துவிட்டால் அவுட். ஒரே புழுதி. அப்போதெல்லாம் ஒரே ஒரு அம்பயர்தான். கண்ணில் படாவிட்டால் பக்கத்தில் நிற்பவரைக் கேட்கலாம். அவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு, மிக அருகில் நின்ற டில்லிங்கைக் கேட்டார்.

“அவுட்டு” என்றார், எங்கள் சொந்த முதலாளி! “தட்ட இவன் தொடுறதுக்கு முன்னாடியே பந்த தோள்ல வச்சுட்டாங்க.”

அவ்வளவுதான். கொடி மேட்லாக்குக்குப் போயிற்று. ஆட்டம் முடிந்து சட்டை மாற்றும் கொட்டகைக்கு வந்தார். தொப்பியைக் கையில் வைத்திருந்தார்.

“ஏம்ப்பா ஜாஸ்பர், எனக்கு இந்த ஆட்டம் அவ்வளவாத் தெரியாது. நீயே சொல்லு. நான் தப்பாப் பாத்துட்டேனா?”

“ஆமா முதலாளி, தப்பாத்தான் பாத்துட்டீங்க.”

“அடக் கடவுளே. அப்ப ஊருக்குச் சொல்லிரணும்.”

சொல்லவும் செய்தார். ‘ஜாஸ்பர் கோல் அவுட் இல்லை, பிழை என்னுடையது, ஊரார் மன்னிக்க’ என்று தங்கள் பத்திரிகையிலேயே தம் பெயர் போட்டு வெளியிட்டார். ஊரார் மன்னிக்கவில்லை. அவர் வீட்டு ஜன்னலுக்கு வெள்ளரிக்காய் பறந்தது, மறு வருஷம் அணி கலைந்தது, நாற்பது வருஷமாக முடிவெட்டும் கடையில் அதுதான் பேச்சு. அவரோ ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் ஒரு ஜாடி ஊறுகாயோடு ‘மன்னிச்சிருப்பா’ என்று எனக்குச் சீட்டு எழுதி அனுப்பிக்கொண்டே இருந்தார். இப்போது ஆளும் இல்லை. ஆகவே ஐயா, அவர் செய்த அந்த ஒரு பிழையை நம் ஊர் இனியாவது மறக்க வேண்டும். பாதிக்கப்பட்ட நானே மனப்பூர்வமாக மன்னித்துவிட்டேன் என்று பெரிய எழுத்தில் போடவும்.

தங்கள் குடும்பத்துக்கும் பத்திரிகைக்கும் சகல நன்மையும் உண்டாகட்டும்.

இப்படிக்கு,
தங்கள் பழைய வாசகன்
ஜாஸ்பர் கோல்

பி.கு.: மேலே உள்ளதை அச்சிட வேண்டாம். நான் அவுட். என் காலுக்கும் தட்டுக்கும் நடுவே ஒரு சாண் இருந்தது. பந்து தோளில் பட்டது எனக்கு நன்றாகத் தெரியும். எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. அநியாயமாக அவுட் ஆக்கப்பட்டவன் என்று ஊரே என்னைத் தோளில் தூக்கி வைத்திருந்தது. கீழே இறக்கிவிடுங்கள் என்று சொல்ல வாய் வரவில்லை. அவர் சரியாகத்தான் பார்த்தார். இதை மட்டும் போடவும்.