பிள்ளைகளைத் தொலைத்துத் தந்த டிராம்

பெற்ற பிள்ளையைக் கையைப் பிடித்து அழைத்துப் போய், "இவனைக் கொஞ்சம் தொலைத்துக் கொடுங்கள்" என்று ஊரார் வரிசையில் நின்று கேட்ட ஒரே மனிதர், இந்தப் புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் டிராம்தான்.

டிராம் என்பது பட்டப்பெயர். இளவயதில் கொழும்பில் டிராம் வண்டிக் கண்டக்டராக இருந்தவர். வேலையை விட்டுத் திருக்கோகர்ணத்தில் வாடகைச் சைக்கிள் கடை வைத்த பிறகும் கண்டக்டர் உத்தியோகம் அவரை விடவில்லை. யாராவது பேசி முடித்தால் "ரைட்!" என்பார். ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளை மூன்றாவது முடிச்சைப் போட்டதும், மேளத்தையும் மீறி ஒரு "ரைட்!" கொடுத்தார். பெண் வீட்டாரில் பாதிப்பேர் எழுந்து சாப்பிடப் போய்விட்டார்கள்.

அக்கரைச் சீமைக்குப் படிக்கப் போகும் பையன்களுக்கு யோசனை சொல்வது அவருடைய இலவச உபதொழில். கொழும்போ ரங்கூனோ லண்டனோ, அவருக்கு எல்லாம் ஒன்று.

"டிராமுல ஏறுறது பெரிய காரியமில்ல தம்பி, எறங்குறதுதான் காரியம். வண்டி போற பக்கம் பாத்து எறங்கு. பின்னால பாத்து எறங்குனவன் பல்ல நான் ரோட்டுல பொறுக்கியிருக்கேன்."

"வழி தெரியாட்டி தெரிஞ்ச மாதிரி நட. வெத்தலக்கடையில போயி வெத்தல வாங்கு, வாங்கும்போது கேளு. அவன் பொய் சொல்ல மாட்டான். ஒன்ன ஏமாத்த வேண்டியத அவன் வெத்தலையிலயே ஏமாத்திருப்பான்."

இதெல்லாம் வாய்ப்பாடம். பரீட்சை வேறு. தொலைந்து பழகாத பையன் கப்பல் ஏறக்கூடாது என்பது அவருடைய சித்தாந்தம். பையனைப் பஸ்ஸில் ஏற்றித் தெரியாத ஊரில் இறக்கிவிட்டு, அவர் மட்டும் திரும்பி வருவார். பையன் தானாக வீடு வந்து சேர வேண்டும். திருமயத்தில் விடப்பட்ட ஒருவன் அங்கே ஒரு கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து, பெண் வீட்டாருக்கு மாப்பிள்ளை வீட்டுக்காரனாகவும் மாப்பிள்ளை வீட்டாருக்குப் பெண் வீட்டுக்காரனாகவும் நடித்து, சம்பந்தி விருந்துவரை இருந்து வெற்றிலை பாக்கோடு வந்தான். "இவன் லண்டனுக்கே போகலாம்" என்று டிராம் சான்று அளித்தார்.

என் மகன் சுப்பையாவுக்குக் கொழும்பில் டாக்டர் படிப்புக்கு இடம் கிடைத்தபோது யுத்தம் தொடங்கியிருந்தது. நான் தாலுகா குமாஸ்தா. மழைக்காலத்தில் அவனைக் குளத்துப் பக்கம்கூட விடாமல் வளர்த்தவன். அனுப்ப மனமில்லை, தடுக்க வாயில்லை. டிராமிடம் அழைத்துப் போனேன்.

"மீமிசல்ல விட்டுட்டு வாரேன்" என்றார்.

"கடற்கரை ஊருங்களே அண்ணே..."

"கொழும்பு மட்டும் என்ன மலை மேலயா இருக்கு? ரைட்!"

அவர்கள் ஏறிய பஸ்ஸிலேயே நானும் ஏறினேன். பல்வலிக்காரனைப் போலத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்தேன். மீமிசலில் இறங்கி ஒரு தோணிக்குப் பின்னால் பதுங்கினேன். டிராம் பையனை விட்டுவிட்டு அதே பஸ்ஸில் திரும்பினார். சுப்பையா இங்கிட்டும் அங்கிட்டும் பார்த்தான். மீன்கூடை வைத்திருந்த ஓர் அம்மாளிடம் ஏதோ சொன்னான். அந்த அம்மாள் சிரித்தாள். அடுத்த நிமிஷம் அவன் அறந்தாங்கி போகும் மீன் வண்டியில் வண்டிக்காரனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போய்க்கொண்டிருந்தான். ஓடினேன். சேற்றில் செருப்பு மாட்டிக்கொண்டது. அதைப் பிடுங்கி நிமிர்ந்தபோது வண்டி இல்லை, பஸ் இல்லை. சுற்றிலும் ஆட்கள் இருந்தார்கள்.

"யாருங்க நீங்க? மூஞ்சிய மூடிக்கிட்டு தோணிக்குப் பின்னால என்ன வேல?" என்று கேட்டார் கருவாட்டு வியாபாரி ஒரு பாய்.

"என் மகனத் தேடுறேன்."

"தொலைச்சிட்டீங்களா?"

"நான் தொலைக்கலைங்க. தொலைக்கச் சொல்லி ஒருத்தர்ட்ட குடுத்தேன்."

"யாருட்ட?"

"டிராமுட்ட."

கூட்டம் ஓர் அடி பின்வாங்கியது. "வெயில்ல வந்திருக்காரு, மோர் கொண்டாங்கப்பா" என்றது ஒரு குரல்.

பாய் மட்டும் இரக்கத்தோடு நெருங்கி வந்தார். "புள்ளைக்கு என்ன வயசுங்க?"

"பத்தொம்பது."

"பத்தொம்பதா! அட, அந்தத் தம்பில்ல ஒங்களத் தேடணும்!"

அன்று பாய் வீட்டில் சோறு போட்டு, திண்டு கொடுத்துப் படுக்க வைத்தார்கள். நான் எங்காவது ஓடிவிடாமல் இருக்க வாசலில் ஓர் ஆளையும் உட்கார வைத்தார்கள். நான் வீடு திரும்பாததைக் கண்டு, மறுநாள் முதல் பஸ்ஸில் டிராம் தேடிக்கொண்டு வந்து இறங்கினார், பின்னாலேயே சுப்பையா.

"பையன் பாஸ். தகப்பன் பெயில்" என்றார் டிராம்.

வீட்டில் என் மனைவி தீர்ப்புச் சொன்னாள்: "அவனக் கொழும்புக்கு அனுப்புங்க. ஒங்களத்தான் தெரு முக்கு தாண்டி விடக்கூடாது."

சுப்பையா போனான். இரண்டாம் வருஷம் ஏப்ரலில் கொழும்பில் ஜப்பான்காரன் குண்டு விழுந்தது. தந்தி கொடுத்தோம், பதில் இல்லை. அங்கிருந்து ஜனங்கள் கூட்டங்கூட்டமாக இக்கரைக்கு வருவதாகச் சொன்னார்கள். அந்தக் கூட்டத்தில் சுப்பையா இல்லை. நான் ஆபீசில் ஒரே தாளை நாள் முழுக்கக் கையில் வைத்திருந்தேன். இதை எழுதும்போதுகூட, வாசலில் சைக்கிள் மணி கேட்டால் தந்திதானோ என்று என் பேனா நின்றுவிடுகிறது.

விசாரிக்க வந்த டிராமைப் பார்த்து என் மனைவி அழுகையோடு கத்தினாள்: "நீங்க தைரியம் குடுத்துத்தானே போனான்! கொண்டாந்து குடுங்க எம்புள்ளைய!"

அவர் "ரைட்" கூடச் சொல்லாமல் படியிறங்கிப் போனார். மறுநாள் சைக்கிள் கடை பூட்டியிருந்தது. முகத்தில் விழிக்கப் பயந்து ஒளிந்துகொண்டார் என்று நினைத்தேன். கோபமாகவும் இருந்தது.

ஒரு வாரம் கழித்து, கிழிந்த சட்டையும் தாடியுமாகச் சுப்பையா வாசலில் நின்றான். தலைமன்னாரில் தனுஷ்கோடிக் கப்பலில் இடம் கிடைக்காமல் யாழ்ப்பாணம் போயிருக்கிறான். அங்கே வியாபாரத் தோணி ஒன்றில் கெஞ்சி இடம் பிடித்துத் தொண்டியில் இறங்கி வந்திருக்கிறான். அவன் தாய் அவனைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் திருக்கோகர்ணத்துக்கு ஓடினேன். கடை இன்னும் பூட்டித்தான் இருந்தது.

"அவரு அன்னைக்கே தனுஷ்கோடி போயிட்டாருங்களே" என்றார் பக்கத்துக் கடைக்காரர். "கப்பல்ல எறங்குறவங்ககிட்டல்லாம் ஒங்க மகனக் கேட்டுக்கிட்டு நிக்கிறாராம்."

அடுத்த ரயிலில் போனேன். துறைமுகத்தில் இறங்குகிற கூட்டத்துக்கு நடுவே, ஸ்டாப்பின் பெயரைக் கூவும் கண்டக்டரைப் போல, கம்மிப்போன ஒரு குரல் கூவிக்கொண்டிருந்தது: "புதுக்கோட்டை சுப்பையா! டாக்டருக்குப் படிக்கிற சுப்பையா!"

என்னைப் பார்த்ததும் குரல் நின்றது. இரண்டு கைகளையும் எனக்கு முன்னால் நீட்டினார்.

"சொல்லாதீங்க குமாஸ்தா ஐயா. எதுவும் சொல்லாதீங்க."

"வந்துட்டான் அண்ணே."

"எங்கிட்டு?"

"வீட்டுக்கு. தோணியில வந்துட்டான்."

அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார்.

"தோணியிலயா? அத நான் சொல்லித் தரலையே" என்றார். பிறகு, "தம்பி சாப்ட்டாரா?" என்று கேட்டார்.

திரும்பும் ரயிலில் நிற்க இடமில்லாத கூட்டம். எப்படியோ ஒரு பெஞ்சில் நெருக்கி உட்கார்ந்த சற்று நேரத்தில் அவர் தலை என் தோளில் சாய்ந்துவிட்டது. பல நாள் தூக்கம். புதுக்கோட்டை வரும்வரை நான் தோளை அசைக்கவில்லை.