பத்து நாள் பார்க்கணும்

நாயை எடுத்துக்கொள்ள ஷரீஃப் சம்மதித்ததும் இக்னேஷியஸ் வாத்தியாருக்குக் கால் தரையில் பாவவில்லை. லஸ் முனையிலிருந்து மந்தைவெளி வரை அவர் சைக்கிளை மிதித்த மிதியில் செயின் இரண்டு தரம் கழன்றது. ஷரீஃப் ஜட்கா ஓட்டுகிறவன். குதிரை லாயத்துக்குக் காவலாக அவனுக்கு ஒரு நாய் வேண்டியிருந்தது. நாளைக் காலையில் வந்து ஓட்டிக்கொண்டு போய்விடுவதாகச் சொன்னான். நாய் இருமும் என்பதை மட்டும் வாத்தியார் அவனிடம் சொல்லவில்லை.

அந்த வருஷம் சித்திரையில், ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று பாதிப் பட்டணம் வீட்டைப் பூட்டிக்கொண்டு ரயிலேறியது. அப்படிப் போன யாரோ விட்டுவிட்டுப் போன நாய் அது. ஐப்பசி மழையில், சாந்தோம் கடற்கரையில் விலா எலும்பு தெரிய நடுங்கிக்கொண்டு நின்றதை வாத்தியார் தூக்கிவந்து டாமி என்று பெயர் வைத்தார். அது இருமியது. சில சமயம் எச்சில் ஒழுகியது. பின்னங்கால் ஒன்று தானாக உதறியது. நாயை எடுத்துக்கொள்ளலாமா என்று வந்து இதையெல்லாம் பார்த்த நாலு பேர், வீட்டில் கேட்டுச் சொல்வதாகப் போனவர்கள் போனவர்கள்தான்.

வீட்டுக்காரர் ராஜகோபாலய்யர் ரிடையரான சப்-ரிஜிஸ்திரார். ஊர் காலியான சமயத்தில் வேறு ஆள் கிடைக்காமல் பின்கட்டை வாத்தியாருக்கு விட்டிருந்தார். திங்கட்கிழமைக்குள் நாய் போகவேண்டும், இல்லாவிட்டால் வாத்தியாரும் அவர் மனைவி லூயிசாவும் போகவேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

நல்ல செய்தியோடு வாத்தியார் உள்ளே நுழைந்தபோது, ஐயர் கிணற்றடியில் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தோட்டத்து வேலியோரம் நாயைக் குடையால் விரட்டப் போனாராம். அது குரைத்ததாம். இவர் துள்ளினாராம். கெண்டைக்காலில் சுரீரென்றதாம். பார்த்தால் இரண்டு ரத்தப் பொட்டுகள்.

டாக்டர் ராஜநாயகம் காயத்தைக் கழுவிக் கட்டிவிட்டு விவரம் சொன்னார். நாய்க்கு வெறி இருந்தால் பத்து நாளுக்குள் செத்துவிடும். உயிரோடு இருந்துவிட்டால் பயமில்லை. செத்தாலோ, எங்கேயாவது ஓடிப்போனாலோ, தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி.

"நாய் திடமாத்தானே இருக்கு?" என்று கேட்டார்.

"குதிரை மாதிரி இருக்கு, டாக்டர்," என்றார் வாத்தியார்.

இருவரும் வீடு திரும்பியதும் நாய் ஐயர் எதிரே வந்து நின்று, ஐந்து நிமிஷம் இருமியது.

மறுநாள் ஷரீஃப் கயிற்றோடு வந்தான். ஐயர் கேட்டை மறித்துக்கொண்டு, நாய் ஓர் அடி நகரக்கூடாது என்றார்.

"இன்னா சாமி, நேத்து தொரத்திக்கினு இருந்தீங்களாம், இன்னிக்கு வுடமாட்டேன்றீங்க?"

"அது போயிட்டா பதினாலு ஊசிடா. நீ போட்டுப்பியா?"

ஷரீஃப் யோசித்துவிட்டு, பத்து நாள் கழித்து வருவதாகச் சொன்னான். வந்ததுதான் வந்தான் என்று, அவன் வண்டியிலேயே நாயை ஏற்றிக்கொண்டு வேப்பேரி மாட்டாஸ்பத்திரிக்குப் போகலாம் என்று யோசனை சொன்னார் வாத்தியார். ஐயருக்குத் தைரியம் வரும் என்பது அவர் எண்ணம். அங்கே இருந்த டாக்டர் நாயின் வாயைத் திறந்து பார்த்தார், வயிற்றை அமுக்கினார். வெறும் சளியாகவும் இருக்கலாம், வேறாகவும் இருக்கலாம், பத்து நாள் பார்க்கணும் என்றார். திரும்பி வரும் வழியெல்லாம் ஐயர் நாயின் வாயையே பார்த்துக்கொண்டு வந்தார்.

சளிதான் என்று நிரூபித்துவிட லூயிசா விளக்கெண்ணெய் கொடுத்தாள். நாய் இரண்டு நாள் தலையைத் தூக்கவில்லை.

"உம்ம வைத்தியம் போதும் ஓய்," என்று ஐயர் நாயைத் தன் கூடத்துக்கே தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

அதைத் தொட்ட ஒவ்வொரு தடவையும் கிணற்றில் இறைத்துத் தலையில் ஊற்றிக்கொண்டார். மழைக்காலம், ஒரு நாளைக்கு ஏழெட்டுக் குளியல். நாலாம் நாள் அவருக்கும் இருமல் பிடித்துக்கொண்டது. எந்த இருமல் யாருடையது என்று தெரியாமல் வாத்தியார் பின்கட்டில் தவித்தார். ஐயரின் மனைவி ஜானு மாமி ஒரே பாத்திரத்தில் சுக்குக் கஷாயம் போட்டு இருவருக்கும் கொடுத்தாள். பால் கிடைக்காத காலம். கிடைத்த பாலை ஐயர் நாய்க்கு ஊற்றிவிட்டு வரக்காப்பி குடித்தார்.

ஏழாம் நாள் காலையில் கதவு திறந்திருந்தது. கூடத்தில் நாய் இல்லை.

மேல்துண்டுகூட இல்லாமல் ஐயர் தெருவில் ஓடினார். பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிய வாத்தியார் சைக்கிளில் துரத்தினார். அவர்கள் வந்த வேகத்தைப் பார்த்து, சைரன் ஊதிவிட்டதோ என்று மாட வீதிக் கடைக்காரர்கள் பலகைகளைப் போட்டு மூட ஆரம்பித்துவிட்டார்கள். கடைசியில் தெப்பக்குளத்துப் படியில் டாமி வெயில் காய்ந்துகொண்டிருந்தது.

ஐயர் பக்கத்தில் பொத்தென்று உட்கார்ந்தார். "எங்கேடா கண்ணா போயிட்டே?" என்றார். அது அவர் முகத்தை நக்கியது. எதிரே குளம் நிறையத் தண்ணீர் இருந்தது. ஐயர் குளிக்கவில்லை.

பத்தாம் நாள் காலையில் டாமி ஒரு கிண்ணம் தயிர் சாதம் தின்றுவிட்டுத் தோட்டத்துக் காக்கைகளைத் துரத்தியது. இருமல் போன இடம் தெரியவில்லை. டாக்டர் ராஜநாயகம் வந்து பார்த்து, ஊசிக்கு வேலையில்லை என்றார். பின்னாலேயே ஷரீஃப் கயிற்றோடு வந்தான். ஐயர் மறுபடியும் கேட்டை மறித்துக்கொண்டு நின்றார்.

"பத்து நாள் ஆச்சே சாமி."

"ஆச்சு. இது இனிமே எங்காத்து நாய். நீ வேற பாத்துக்கோ."

வாத்தியாருக்கு எதிரே நின்ற ஷரீஃபைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. ஒரே ஓட்டமாகப் பின்பக்கம் வந்தார். ஜானு மாமி கிணற்றில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தாள். எல்லாம் நல்லபடியாக முடிந்தது, ஆனாலும் தான் கொண்டுவந்த நாய் ஐயரைக் கடித்ததற்கு மன்னிக்கவேண்டும் என்று கைகூப்பினார்.

மாமி கூடத்துப் பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"இருபது வருஷமா ஒரு நாய் வளக்கலாம்னு கேட்டுண்டிருக்கேன், வாத்தியார் சார். கடிச்சது நாயில்லே, வேலி முள்கம்பின்னு அன்னிக்கே நான் சொல்லியிருந்தா, இது கிடைச்சிருக்குமா?"