இன்ஸ்பெக்டர் பிளென்கினும் என் ஞாயிற்றுக்கிழமையும்

இந்த ஞாயிற்றுக்கிழமை எப்பாடு பட்டாவது இன்ஸ்பெக்டர் பிளென்கினைத் தீர்த்துக் கட்டிவிடுவது என்று முடிவு கட்டினேன்.

பதறாதீர்கள். நான் பரம சாது. குளியல் தொட்டியில் சிலந்தி வந்தால்கூட மனைவியைக் கூப்பிடுகிற ஆசாமி. பிளென்கின் டி.வி.யில் வருகிறவர். கசங்கிய மழைக்கோட்டு, பழைய பச்சைக் கார், கையில் எப்போதும் ஆறிப்போன டீ. என் மீசை கறுப்பாக இருந்த காலத்தில் எடுத்த நாடகம். நடித்தவர்களில் பாதிப் பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அவர் மட்டும் ஞாயிறு தவறாமல் மூன்று மணிக்கு என் வீட்டுக்குள் வந்து நிற்கிறார்.

அவர் வேலை பார்க்கும் ஊரைப் பார்க்க வேண்டுமே! சின்ன ஊர். சர்ச், குளம், டீக்கடை. ஆனால் வாரம் தவறினாலும் கொலை தவறாது. பாதிரியாரைக் கொன்றார்கள். தபால்காரியைக் கொன்றார்கள். பூக்கண்காட்சியில் இரண்டாம் பரிசு வாங்கிய கிழவரையும் விடவில்லை. அந்த ஊரில் ஓட்டுப்போட இன்னும் ஆள் மிச்சமிருப்பதே எனக்கு ஆச்சரியம்.

என் மனைவி மேவிஸுக்கோ பிளென்கின் என்றால் உயிர். ஒருநாள் வயிற்றெரிச்சல் தாங்காமல் முடிவைப் போட்டு உடைத்தேன்.

"மேவிஸ், அந்தப் பல் டாக்டர்தான் கொலைகாரன்."

"தெரியுமே."

"போன வருஷமும் அவன்தான் கொன்னான்."

"அதுக்கு முந்தின வருஷமும் அவன்தான்."

"அப்புறம் என்ன இழவுக்குப் பாக்குற?"

"நாளைக்குக் காலையிலயும் உன் மூஞ்சி இதேதான்னு தெரியும். நான் எந்திரிச்சுப் பாக்கலையா?"

பிறகு அவளே கொஞ்சம் இறங்கி வந்தாள்.

"இங்க பாரு நார்மன். பஸ்ஸு வர்றேன்னு சொன்ன நேரத்துக்கு வருதா? பல்லு வலிச்சா டாக்டரு கிடைக்கிறாரா? கூரை ஒழுகுதுன்னு எழுதிப் போட்டா எவனாவது வர்றானா? இந்த நாட்டுல ஆரம்பிச்ச காரியம் ஒழுங்கா முடியுற ஒரே இடம் பிளென்கின்தான். டீ நேரத்துக்குள்ள தப்பு பண்ணினவன் மாட்டிக்கிறான். மனசுக்கு நிம்மதியா இருக்கு."

நிம்மதிதான். அந்த நிம்மதியில் இரண்டாவது பிணம் விழுவதற்குள் தூங்கிவிடுகிறாள்! மதியம் மாட்டிறைச்சி ரோஸ்ட் சாப்பிட்டுவிட்டு சோபாவில் சாய்ந்தால், வாய் திறந்து, கண் மூடி, மூக்கு பிளென்கினுக்குப் பின்னணி இசை கொடுக்கும். சரி, தூங்கிவிட்டாளே என்று நான் சேனலை மாற்றினால் போச்சு. கண்ணைத் திறக்காமலே குரல் வரும்.

"நான் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்!"

எங்கள் நாட்டில் இதற்கு மேல்முறையீடு கிடையாது. சோபாவில் தூங்குகிறவர் 'பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்' என்று சொல்லிவிட்டால் டி.வி. அவருக்கே சொந்தம். என் அப்பா அப்படித்தான் தூங்கினார். அவருடைய அப்பா ரேடியோவுக்கு முன்னால் அப்படித்தான் தூங்கினார். ராஜாவே வந்தாலும் ரிமோட்டைத் தொடக்கூடாது.

இத்தனை வருஷம் பொறுத்தேன். இந்த ஞாயிற்றுக்கிழமை மட்டும் பொறுக்க முடியாது. காரணம், கோலின்.

கோலின் எங்கள் ஊர் பிளம்பர். எங்கள் 'நொண்டி வாத்து' பப்பில் என்னோடு, மேஜையில் கோலால் பந்து தள்ளும் ஸ்னூக்கர் ஆடுகிறவன். அவன் என்ன செய்தான் தெரியுமா? ஒவ்வொருவராகத் தோற்கடித்துக்கொண்டே போய், ஸ்னூக்கர் போட்டியின் இறுதி ஆட்டத்தில் நிற்கிறான். டி.வி.யில்! நேரடி ஒளிபரப்பு! ஞாயிறு, மூன்று மணி. அவனே போனில் கூப்பிட்டான்.

"நார்மன், நீ பாப்பேல்ல?"

"ஒரு பந்து விடமாட்டேன்டா."

"எனக்கு உன்ன விட்டா யாருடா இருக்கா? நீ பாக்கிறேன்னு நெனச்சாத்தான் கை நடுங்காம ஆடுவேன்."

வாக்குக் கொடுத்துவிட்டேன். போட்டி நடக்கும் மண்டபத்தில் டிக்கெட் தீர்ந்துவிட்டது. பப்பில் பார்க்கலாம் என்றால், அங்கே முதலாளியம்மாவும் ஞாயிறு மூன்று மணிக்குப் பிளென்கின்தான் போடுகிறாள். பதிவு பண்ணிப் பிறகு பார்க்கலாம் என்றால், பதிவுப் பெட்டிக்குள் பிளென்கின் கழுத்துவரை நிரம்பியிருக்கிறார். ஒரு கதையை அழித்தால் அடுத்த பிணம் நான்தான்.

பக்கத்து வீட்டு பெர்ட்டிடம் வேலிக்கு மேலே தலையை நீட்டிப் புலம்பினேன்.

"மக்கு! உன் பொண்டாட்டி தூங்குறது படத்தைப் பாத்து இல்ல. சத்தத்தைக் கேட்டு" என்றான் பெர்ட். "சத்தம் நின்னாத்தான் முழிக்கிறா. பெட்டியில இருக்கிற போன வாரக் கதையோட சத்தத்தை உன் போன்ல பிடிச்சு வை. ஞாயித்துக்கிழமை அவ தூங்கினதும் தலைமாட்டுல ஓடவிடு. டி.வி.யில சத்தத்தை நிறுத்திட்டு மேட்ச்சைப் பாரு."

"அவ தூங்கலைன்னா?"

"தூங்குற மாதிரி சாப்பாடு போடு."

பெர்ட்டுக்கும் கல்யாணமாகி ரொம்ப வருஷம். அனுபவம் பேசியது.

அந்த ஞாயிறு காலை ஏப்ரன் கட்டிக்கொண்டு அடுக்களையில் இறங்கினேன். மேவிஸ் வாசலில் நின்று பார்த்தாள்.

"என்ன கண்ணு, உடம்பு சரியில்லையா?"

"உனக்கு ஒருநாளாவது ரெஸ்ட் குடுக்கலாமேன்னு பாத்தேன்."

"இத்தனை வருஷத்துல ஒரு உருளைக்கிழங்கு தோல் சீவினதில்ல. இன்னிக்கு என்ன திடீர்க் கரிசனம்?"

"ஏன், புருஷன் சமைக்கக் கூடாதா?"

"தாராளமா சமைக்கலாம். பிளென்கின் கதையில புருஷன் சமைச்சா, அடுத்த சீன்ல பொண்டாட்டி இருக்கமாட்டா. அதான் கேட்டேன்."

சிரித்துக்கொண்டே போய்விட்டாள். எனக்குத்தான் வியர்த்தது.

மாட்டிறைச்சி ரோஸ்ட், வாத்துக் கொழுப்பில் வறுத்த உருளைக்கிழங்கு, தொப்பி அளவுக்கு யார்க்‌ஷயர் புட்டிங், கெட்டியான கிரேவி, கடைசியில் க்ரீம் போட்ட டிரைஃபிள் இனிப்பு. பக்கத்தில் ஷெர்ரி ஒயின். யானையே தூங்கிவிடும்! நான் கிரேவி எடுக்க, கடுகுச் சாஸ் எடுக்க, ஷெர்ரி எடுக்க என்று அடுக்களைக்கும் மேஜைக்குமாக அலைந்தேன். திரும்பி வரும்போதெல்லாம் அவள் தட்டு காலி. ஆஹா, என்ன பசி இவளுக்கு! என் தட்டு மட்டும் குறையவே மாட்டேன் என்றது. சாப்பாட்டை வீணாக்கக்கூடாது என்று வளர்த்த அம்மாவின் பிள்ளை நான். முழுசையும் உள்ளே தள்ளினேன்.

மூன்று மணி. பிளென்கின் தொடங்கினார். முதல் பிணம் விழுந்தது. மேவிஸ் கண் மூடினாள். கொஞ்ச நேரத்தில் வாயும் திறந்தது.

போனை மெல்ல அவள் குஷனுக்குப் பின்னால் செருகினேன். பிளென்கின் அங்கிருந்து முணுமுணுக்க ஆரம்பித்தார். டி.வி.யை ஊமையாக்கி சேனலை மாற்றினேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். மேவிஸிடம் அசைவே இல்லை.

ஜெயித்துவிட்டேன்! அதோ கோலின், கல்யாணத்துக்கு வாங்கிய வெயிஸ்ட்கோட்டில். குனிந்தான். சிவப்புப் பந்து குழிக்குள் போனது. சபாஷ்டா! அடுத்து கறுப்பு. குஷனுக்குப் பின்னாலிருந்து பிளென்கின் யாரையோ மெதுவாக விசாரித்துக்கொண்டிருந்தார். என்ன இதமான குரல் அந்த மனுஷனுக்கு. வெளியே தூறல். வயிற்றில் பாறாங்கல். கோலின் மறுபடி குனிந்தான்...

யாரோ தோளைத் தட்டினார்கள்.

"எந்திரி கண்ணு. டீ ஆறுது."

டி.வி. இருண்டு கிடந்தது. துள்ளி எழுந்தேன்.

"மேட்ச்! மேட்ச் என்னாச்சு?"

"முடிஞ்சு போச்சு."

"நீ தூங்கலையா?"

"நீ சமைச்சதை மனுஷி தின்னாத்தானே தூக்கம் வரும்? நீ உள்ள போனப்பல்லாம் என் தட்டுல இருந்ததை உன் தட்டுக்குத் தள்ளிட்டேன். பாவம், ஆசையா சமைச்சிருக்க. மனசு நோகக் கூடாதுன்னு."

"அப்ப அந்தக் குறட்டை?"

"அது சும்மா. நீ என்னதான் பண்றேன்னு பாக்கத்தான். குஷன்ல இருந்து போன வாரக் கதை பேசுது. அதுல கழுத்தை நெரிச்சான், இதுல விஷம். எனக்குத் தெரியாதா?"

பெர்ட்டை மனசுக்குள் நாலு சாத்து சாத்தினேன்.

"சரி, நான் தூங்கிட்டேன்ல? உடனே பிளென்கினைப் போட்டுருப்பியே?"

"போடலாம்னுதான் ரிமோட்டுக்குக் கையை நீட்டினேன். நீ கண்ணைத் திறக்காமலே 'நான் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்'னு கத்தின. நான் என்ன பண்றது? மரியாதையா கையை எடுத்துட்டு, உன் மேட்ச்சையே உக்காந்து பாத்தேன். முழுசா. நல்லாத்தான் இருந்துச்சு. கடைசிப் பந்து வரைக்கும் இழுத்துருச்சு. உன் கோலின் கேமராவைப் பாத்து ஒரு தடவை கையக்கூட ஆட்டினான். உனக்குத்தான் போல."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவன் கையாட்டும்போது நான் குறட்டை விட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். நாளைக்கு அவன் முகத்தில் எப்படி விழிப்பேன்?

"ஏன் மூஞ்சியத் தொங்கப்போடுற? ஏழு மணிக்கு மேட்ச்சை மறுபடியும் போடுறான்."

"நிஜமாவா? மேவிஸ், நீ தெய்வம்! யார் ஜெயிச்சாங்கன்னு மட்டும் சொல்லிடாத. ஒரு வார்த்தை சொல்லாத. அவனுக்கு வாக்குக் குடுத்திருக்கேன், முதல் பந்துல இருந்து பாக்கணும்."

"சொல்லலாமா வேணாமான்னுதான் நானும் யோசிக்கிறேன்" என்றாள் மேவிஸ். சோபாவில் நிதானமாகச் சாய்ந்து, போர்வையை இழுத்துவிட்டு, ரிமோட்டை மடியில் வைத்துக்கொண்டாள். "உன் மேட்ச்சால இன்னிக்கு நான் பிளென்கினைப் பாக்கவே இல்லையா? அவரையும் ஏழு மணிக்குத்தான் திரும்பப் போடுறான். அதனால நீ பாக்க வேண்டிய அவசியமில்லாம நானே சொல்லிடறேன். கோலின் ஜெயிச்சுட்டான்."