மூன்று சில்லில் மாமி

ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். நாலு கால் ஆனைக்கே அந்தக் கதியென்றால், இரண்டு சில்லு ஸ்கூட்டரில் நான் விழாமல் இருந்தால்தான் அதிசயம். மருதமுனைக்கும் கல்முனைக்கும் இடையில் நான் விழாத மதகு இல்லை. (தூக்கிவிட்ட எல்லோருக்கும் அல்லாஹ் நற்கூலி கொடுப்பானாக!)

கடைசியில் மூன்று சில்லு ஸ்கூட்டர் ஒன்று வாங்கினேன். சுபஹானல்லாஹ்! சந்தியில் கால் ஊன்ற வேண்டாம். அபாயா கசங்காமல், வீட்டுக் கதிரையில் இருப்பதுபோல இருந்துகொண்டே வேலைக்குப் போகலாம். பஸ்ஸில் இடிபடவும் தேவையில்லை. இறங்கினால் குதிரைபோலத் தானாக நிற்கும். சற்றுத் தள்ளிப் போய் நின்று, அது நிற்கும் அழகையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

கணவருக்கு மட்டும் நம்பிக்கை வரவில்லை. "உம்மா ஒருக்கா ஏறிப்போட்டு, சரியெண்டு சொன்னா வெச்சிக்க. இல்லாட்டி வித்திருவம்" என்றுவிட்டார்.

அவருடைய உம்மா, அதாவது என் மாமி, சம்மாந்துறையிலிருந்து வந்திருந்தார். காரில் ஏறினாலே பயத்தில் நபியின் மேல் ஸலவாத்துச் சொல்கிறவர். மரக்கறி வாங்கக் கல்முனைச் சந்தைக்குக் கூட்டிப் போனேன். போகும் வழியெல்லாம் பின்னால் ஸலவாத்து ஓயவில்லை.

திரும்பும்போது தெருவோர மீன்காரரிடம் நிறுத்தி, இருந்த இடத்திலிருந்தே கீரிமீனுக்கு விலை கேட்டேன். கட்டவில்லை. "போவம் மாமி" என்று முறுக்கினேன்.

"பாத்தீங்களா மாமி, ஒரு ஆட்டம் இரிக்கா?"

பதில் இல்லை. ஸலவாத்தும் இல்லை. பயம் தெளிந்துவிட்டது! (மாமிமாரே வாயடைத்துப் போகிற வண்டியென்றால் சும்மாவா?) கண்ணாடியில் கறுப்பாய்த் தெரிந்தது, அபாயாதான். பாண்டிருப்பு தாண்டியும் நான் கதையை நிறுத்தவில்லை. தெருவில் நின்றவர்கள் எல்லாம் என்னையே பார்த்தார்கள். வண்டியின் அழகு என்று நினைத்துக்கொண்டேன்.

வாசலில் கணவர் நின்றார். "உம்மா எங்க?"

"பின்னுக்கு."

"பின்னுக்கு மரக்கறிப் பைதான்கா இரிக்கி!"

கிறுகிப் பார்த்தேன். கறுப்புப் பை. என் வண்டி விற்றுப்போயிற்று என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

சற்று நேரத்தில் ஓட்டோ ஒன்று வந்து நின்றது. கையில் கீரிமீனோடு மாமி இறங்கினார்.

"மகன், செவுளப் பாப்பமெண்டு இறங்கிப் பெட்டிக்குள்ள குனிஞ்சன். வண்டி ஒரு துளி அசையல்ல! மலை மாதிரி நிண்டிச்சி. இவளுக்கு எப்பிடி விளங்கும்? இவ தனியாக் கதைச்சிக்கிட்டே போறத மீன்காரனும் நானும் வாயப் பொளந்து பாத்துக்கிட்டு நிண்டம்."

"அப்ப விக்கிறதா, வெச்சிக்கிறதா உம்மா?"

"அந்த வண்டிய விக்காத. விக்கிறதெண்டா இவட வாய வில்லு!"

இன்றும் நான் கதையை நீட்டினால், வீட்டில் யாராவது, "உம்மா இறங்கிட்டா" என்பார்கள். மாமியோ ஏறினதிலிருந்து இறங்கும்வரை சத்தமாக ஸலவாத்துச் சொல்கிறார். பயத்தில் அல்ல. தான் பின்னால் இருப்பது எனக்குத் தெரிய வேண்டுமாம்.