குச்சி விழுந்த இடம்

இடுப்பளவுத் தண்ணீரில் நின்றுகொண்டு துளசிங்கம் குளத்தைத் துழாவிக்கொண்டிருந்தார். படியில் நின்ற மனைவி அம்சா சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"கிடைச்சுதா?"

"கத்தாதடி! ஊருக்கே கேக்குது."

கிடைத்தது. சிவப்புச் சாயம் அடித்த மூங்கில் குச்சி. சற்று முன் அவர் விட்ட ராக்கெட் வாணத்தின் வால். வாணம் விர்ரென்று மேலே போய் ஜோராகத்தான் வெடித்தது. குச்சி மட்டும் நேராகக் குளத்திலேயே விழுந்து மானத்தை வாங்கிவிட்டது.

ஆடிக் கிருத்திகைத் தெப்பத்துக்கு வாணம் விட இரண்டு கம்பெனிகள் போட்டி போட்டன. ஒன்று துளசிங்கம் அண்டு கோ. இன்னொன்று பால் என்ற இளைஞன் நடத்தும் பால் அண்டு சன்ஸ்.

"கல்யாணமே ஆகல, சன்ஸ் எங்கேருந்துடா வந்தான்?" என்று துளசிங்கம் கேட்காத நாள் இல்லை.

இரண்டு பேரும் ஆளுக்கொரு வாணம் விட்டுக் காட்டவேண்டும். "நாங்க மலைமேல நின்னு வெளிச்சத்தைப் பாக்குறோம். குச்சி எங்க விழுந்துச்சுன்னு வெள்ளிக்கிழமைக்குள்ள நீங்க சொல்லணும்" என்று கமிட்டித் தலைவர் நாகேந்திரன் சொல்லியிருந்தார்.

"இந்தத் தெப்பமும் கை விட்டுப் போச்சுன்னா கம்பெனியை மூடிட்டு உங்கப்பன் மாட்டைத்தான் மேய்க்கணும்" என்றார் துளசிங்கம், வேட்டியைப் பிழிந்துகொண்டே.

அம்சாவின் தம்பி மணவாளன் டவுன் பஸ் கண்டக்டர். மறுநாள் முதல் டிரிப்பில் குச்சி மேற்கே வெகுதூரம் தள்ளியிருக்கும் ஆர்.கே.பேட்டைக்குப் போய்ச் சேர்ந்தது.

சாயங்காலமே மணவாளன் ஓடிவந்தான். "பாவா, மோசம் போயிட்டோம்! பால் குச்சி திருவாலங்காட்டுக் கரும்புத் தோட்டத்துல கிடைச்சுதாம்!"

"பொய்! அவன் வாணம் கோயில் புறாவைக்கூடத் தாண்டாது!"

"நம்மளுது மட்டும்..."

"நம்ம கதை வேற! நாம கொஞ்சமாத்தான்டா தள்ளிப் போட்டோம். அவனுக்கு மனசாட்சி வேணாமா?"

மனசாட்சி உள்ள துளசிங்கம் இன்னொரு குச்சிக்குச் சாயம் அடித்து, பாதியாக ஒடித்து, அம்சாவின் கூடையில் வைத்து அரக்கோணத்துக்கு ரயில் ஏற்றினார். ஆர்.கே.பேட்டைக் குச்சியையும் மணவாளனை விட்டு ஒடிக்கச் சொன்னார்.

"ஆகாசத்துலயே ரெண்டா ஒடைஞ்சுபோச்சுன்னு சொல்லிடலாம்" என்றார்.

"ஒண்ணு மேற்கால, ஒண்ணு தெக்காலயா?" என்றாள் அம்சா.

"வேகம்டி! ஸ்ரீஹரிகோட்டாக்காரனே வந்து கத்துக்கணும்."

வெள்ளிக்கிழமை கமிட்டி குளக்கரையில் கூடியது. துளசிங்கம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஒரு பாதி ஆர்.கே.பேட்டை, மறுபாதி அரக்கோணம் என்றார். பால் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு எழுந்தான்.

"என்னுது திருவாலங்காட்டுல எகிறி, ஒரு கூட்ஸ் வண்டி மேல விழுந்திருக்குதுங்க. இப்ப மெட்ராஸ் தாண்டிப் போய்கினு இருக்கும்."

"அக்கிரமம்!" துளசிங்கம் துள்ளி எழுந்தார். "ரயில்ல போனா கணக்குல சேருமா? தொழில்ல ஒரு நேர்மை வேணாமா? தலைவரே, நீங்களே நியாயம் சொல்லுங்க!"

நாகேந்திரன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

"ரெண்டு பேர் வாணமும் வேணாம். இந்த வருசம் மேளம் போதும்."

கமிட்டி எழுந்து போய்விட்டது. துளசிங்கம் துண்டை உதறித் தோளில் போட்டார்.

"அரக்கோணம் வரைக்கும் போன வாணத்தை வேணாங்குறாங்களே! திறமைக்கு இந்த ஊர்ல மதிப்பு இருக்குதா? இன்னும் எவ்ளோ தூரம்தான்யா போகணும்?"

குளக்கரையில் பொரி விற்கும் சின்னம்மாள், அளந்துகொண்டிருந்த படியைக் கீழே வைத்தாள்.

"தூரம் யாருய்யா கேட்டது? போன வருசம் வாணம் விழுந்து என் கூரை எரிஞ்சதுலேருந்து, குச்சி இந்தக் குளத்தைத் தாண்டாத கம்பெனியைத்தான் தேடிகினு கீறாங்க!"