பதினேழாம் நம்பர் கட்டில்

ஆஸ்பத்திரியில் கட்டிலில் படுத்திருப்பவர்தான் நோயாளி என்று நினைப்பவர்கள், பெரும்பாலும் அரசு ஆஸ்பத்திரிக்குள் கால் வைக்காதவர்கள். நான் ஒன்றரை வருஷம் அங்கேயே குடியிருந்தும் அப்படித்தான் நினைத்தேன். இப்போது எனக்குக் கீழேயே நாலு பேர் படிக்கிறார்கள். அதனால் இதைக் கொஞ்சம் மெதுவாகச் சொல்கிறேன்.

அப்போது நான் கல்கத்தாவில் பொது மருத்துவத்தில் எம்.டி. இரண்டாம் வருஷம். அப்பாவுக்கு ரயில்வே வேலை, வீடு கல்கத்தாவை ஒட்டிய சாந்த்ராகாச்சியில். பிறந்து வளர்ந்ததே அங்கேதான் என்பதால் எனக்குத் தமிழைவிட வங்காளம் சரளம் (அம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள்). திருச்சியில் எனக்குப் பெண் பார்த்து நிச்சயமும் ஆகியிருந்தது. பெண்ணின் பெயர் வித்யா, பள்ளிக்கூட ஆசிரியை. அவளுக்கு என்மேல் சந்தேகம் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. வருங்கால மாமனாருக்குத்தான் என் படிப்பின்மேல் தீராத சந்தேகம்.

"எம்.பி.பி.எஸ். முடிச்சு, அதுக்கு மேல மூணு வருஷம். அப்பவும் பொதுதானா மாப்ளே? கண்ணு, காது, இதயம்னு ஏதாவது ஒண்ணு தர மாட்டாங்களா?"

"எல்லாமே முதல்ல எங்ககிட்டதான் மாமா வரும்."

அவர் தலையாட்டிய விதத்தைப் பார்த்தால், என்னை ஏதோ விசாரணை கவுண்ட்டரில் உட்கார வைத்துவிட்டதாகத் தோன்றியது.

கல்யாணத்துக்குப் பதினைந்து நாள் லீவு கேட்டு எழுதிக் கொடுத்தேன். எங்கள் யூனிட் தலைவரை நாங்கள் பெரிய சார் என்போம். அவர் என் விண்ணப்பத்தை வாங்கி, படித்து, கண்ணாடி பேப்பர்வெயிட்டுக்கு அடியில் வைத்தார். "வார்டு பரீட்சையில பாஸ் பண்ணு, கையெழுத்துப் போடறேன்" என்றார். திருச்சியில் மண்டபம் பேசி, பத்திரிகை அடித்து, உறவுக்காரர்கள் டிக்கெட்டும் எடுத்தாகிவிட்டது. மாப்பிள்ளை மட்டும் பேப்பர்வெயிட்டுக்கு அடியில் இருந்தார்.

வார்டு பரீட்சை என்பது இதுதான். ஒரு நோயாளியோடு நம்மை முக்கால் மணி நேரம் தனியாக விடுவார்கள். ஃபைலைக் காட்ட மாட்டார்கள். நாமே பேசி, தொட்டு, தட்டி, கேட்டு, வியாதியைக் கண்டுபிடிக்க வேண்டும். பிறகு பெரிய சார் வந்து குடைவார். ஆனால் இதற்கெல்லாம் அவசியம் வராதபடி எங்களுக்குள் ஒரு ஏற்பாடு காலங்காலமாக இருந்தது. முதல் நாளே யாராவது ஒருவர் கட்டில் நம்பரையும் வியாதியையும் காதில் போட்டுவிடுவார்கள். எனக்குப் போட்டவன் என் நண்பன் அரிந்தம்.

"பதினேழாம் நம்பர். ரெண்டு மாசமா காய்ச்சல், ரத்தம் கம்மி, ஆள் பாதியா இளைச்சாச்சு. மண்ணீரல் நாலு விரல் வீங்கியிருக்கு. மிச்சத்தை நீயே கண்டுபிடிச்சுக்கோ" என்றான்.

மிச்சம் என்று ஒன்றும் இல்லை.

பரீட்சை டிசம்பரில் வந்தது. கல்கத்தாவில் டிசம்பர் என்றால் குரங்குக் குல்லா. லேசாகக் காற்று வீசினாலே கண்ணும் மூக்கும் மட்டும் தெரிகிற அந்தக் கம்பளிக் குல்லாவை ஊரே மாட்டிக்கொள்ளும். எங்கள் வார்டில் முப்பது கட்டில், அறுபது பேர், அறுபது குல்லா. இதில் பாதிப் பேர் நோயாளிகளுக்குத் துணையாக வந்தவர்கள். யார் எந்தப் பாதி என்று சொல்வது கடினம்.

பதினேழாம் கட்டிலில் பழுப்புக் குல்லா போட்ட ஒருவர், கழுத்துவரை போர்த்திக்கொண்டு கண்ணை மூடியிருந்தார்.

"நமஸ்கார் தாதா. உங்களைப் பரிசோதிக்கணும்." (அங்கே தாதா என்றால் அண்ணன்.)

அவர் சட்டென்று எழுந்து உட்கார்ந்தார். "என்னையா? தாராளமாப் பாருங்க டாக்டர்பாபு."

எந்த நோயாளியும் 'என்னையா' என்று கேட்க மாட்டார். நான் அதைக் கவனிக்கவில்லை.

"காய்ச்சல் எத்தனை நாளா?"

"ரெண்டு மாசம் ஆச்சு."

"உடம்பு இளைச்சிருக்கா?"

"பாதியாயிட்டான் டாக்டர்பாபு. பார்க்கவே சகிக்கல."

போர்வையை முட்டிக்கொண்டு நின்ற அவருடைய தொப்பையைப் பார்த்தேன். இது பாதி என்றால் முழுசு எப்படி இருந்திருக்கும் என்று குழம்பினேன். ஆனால் அரிந்தம் சொல்லியிருக்கிறான், அவரும் சொல்கிறார், நான் யார் மறுக்க? 'எடை குறைவு' என்று எழுதினேன். தன்னையே 'அவன்' என்று சொல்கிறாரே என்பதற்கு, 'நோயாளி சற்றுக் குழப்பத்தில் இருக்கிறார்' என்றும் எழுதினேன். எங்கள் இருவரில் அவர் தெளிவாகத்தான் இருந்தார்.

கண் இமையை இழுத்துப் பார்த்தேன், நன்றாகச் சிவந்திருந்தது. ட்யூப்லைட் வெளிச்சத்தின் கோளாறு என்று முடிவு செய்து 'ரத்தசோகை' என்று எழுதினேன். பிறகு மண்ணீரலுக்காக இடது பக்கம் விலா எலும்புக்குக் கீழே அழுத்தினேன். அவருக்குக் கூச்சம், நெளிந்து நெளிந்து சிரித்தார். மண்ணீரல் கிடைக்கவில்லை. கல்யாண மண்டபம் கண்ணில் வந்துபோனது. மூச்சை இழுக்கச் சொல்லி, ஒருக்களிக்கச் சொல்லி, மறுபடி அழுத்தியதில் ஏதோ ஒன்று விரலில் தட்டுப்பட்டது. காலையில் அவர் சாப்பிட்ட பூரியாகத்தான் இருக்க வேண்டும். நான் அதை நாலு விரலால் அளந்து குறித்துக்கொண்டேன்.

கடைசியாக ரத்த அழுத்தம். பட்டையைக் கட்டிப் பார்த்தேன், 200-க்கு 116. மறுபடி கட்டினேன், 204. ரத்தமே இல்லாமல் இளைத்துக் கிடக்கிற மனிதனுக்கு இவ்வளவு அழுத்தம் எங்கிருந்து வரும்? எங்கள் வார்டு கருவிக்கு ஏற்கனவே நல்ல பெயர் கிடையாது. கருவியை ஒரு தட்டுத் தட்டிவிட்டு, வியாதிக்குப் பொருத்தமாக 110-க்கு 70 என்று எழுதினேன்.

பெரிய சார் வந்தார். நாங்கள் அக்கா முறையில் மாலதி தீதி என்று அழைக்கும் வார்டு சிஸ்டரும் கூடவே வந்தார். நான் ஒப்பித்தேன். இரண்டு மாதக் காய்ச்சல், எடை குறைவு, ரத்தசோகை, மண்ணீரல் வீக்கம். வங்காள வாசனையே இல்லாத சுத்தமான ஆங்கிலத்தில், தங்குதடையில்லாமல். சார் குனிந்து வயிற்றில் கை வைத்தார். தேடினார். குல்லாக்காரர் மறுபடி சிரித்தார்.

"எங்கேப்பா மண்ணீரல்?"

"நாலு விரல் சார்."

"யார் விரல்?"

அதற்குள் பின்னாலிருந்து ஒரு ஒல்லிக் குரல் கேட்டது. "என் கட்டில்ல உங்களுக்கெல்லாம் என்ன வேலை?"

திரும்பினேன். அதே பழுப்புக் குல்லா. உள்ளே எலும்பும் தோலுமாக ஒருவர், கையில் பொரிப் பொட்டலம்.

"வந்துட்டானே" என்றார் கட்டிலில் இருந்தவர். "இவன் என் மச்சினன் தபன், சார். மாடியில வெயில் காயப் போயிருந்தான். இடத்தை யாராவது பிடிச்சுடுவாங்களேன்னு நான் படுத்திருந்தேன். என் பேரு பிமல். கிடர்பூர்ல லாரி புக்கிங் ஆபீஸ்ல இருக்கேன்."

வார்டே திரும்பிப் பார்த்தது. குல்லாக்களுக்குள்ளே அறுபது பேர் சிரிப்பது வெளியே தெரியாது என்பது மட்டும் ஓர் ஆறுதல்.

"அப்புறம் எதுக்கு முக்கால் மணி நேரம் இவனுக்கு வயித்தைக் காட்டினீங்க?" என்று கேட்டார் சார்.

பிமல் பாபுவுக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை. "டாக்டர் தானா வந்து பார்க்கறேன்னா யாராவது வேண்டாம்னு சொல்லுவாங்களா சார்? எனக்கும் கேஸ் தொந்தரவு உண்டு. காலையில மண்டைக்கு ஏறி வலிக்கும்."

இதில் அவர்மேல் தப்பே சொல்ல முடியாது. துணைக்கு வருகிறவர், நோயாளியைப் பார்த்து முடித்ததும் 'எனக்கும் கொஞ்சம்' என்று கையை நீட்டுவது அன்றாடம் நடப்பதுதான். நான் வரிசையை மாற்றிவிட்டேன், அவ்வளவே.

சார் நகரப் போனவர் 'மண்டைக்கு' என்ற சொல்லில் நின்றார். என் காகிதத்தைப் பார்த்தார். பிறகு தானே பட்டையைக் கட்டினார். கருவியை மாலதி தீதியிடமும் காட்டினார். 210-க்கு 120.

"நீ 110-னு எழுதியிருக்க."

"எனக்கும் இருநூறுதான் வந்தது சார். மெஷின் தப்புன்னு நினைச்சேன்."

அவர் திட்டியிருக்கலாம். அதற்குப் பதில் காகிதத்தை மடித்து என் சட்டைப் பையிலேயே வைத்தார். மாலதி தீதிதான் போகிற போக்கில், "இல்லாத மண்ணீரல் கிடைச்சுது, இருந்த பிரஷரை விட்டுட்டியே தம்பி" என்றார். அப்போதுதான் எனக்கு உண்மையில் பயம் வந்தது. லீவுக்காக வந்த பயம் இல்லை. அந்த மனிதர் 'கேஸ்' என்று சொல்லிக்கொண்டே வீட்டுக்குப் போயிருப்பார், நானும் மச்சினனின் வியாதியை அவர் தலையில் கட்டிவிட்டு நிம்மதியாகக் கல்யாணத்துக்குப் போயிருப்பேன்.

பிமல் பாபுவைப் பதினெட்டாம் கட்டிலில் சேர்த்தோம். தபன் பொரிப் பொட்டலத்தோடு அவருக்குத் துணை இருந்தார். நான் பரீட்சையில் ஃபெயில்.

பத்து நாள் கழித்து மறு பரீட்சை. இந்த முறை அரிந்தம் காதருகே வந்தபோதே ஓடிவிட்டேன். நோயாளியிடம் பெயர், அப்பா பெயர், ஊர், கட்டில் நம்பர் எல்லாம் மூன்று தடவை கேட்டதில் அவர் என்னைப் போலீஸ் என்று நினைத்துவிட்டார். பாஸ் ஆனேன். சார் பேப்பர்வெயிட்டை நகர்த்திக் கையெழுத்துப் போட்டுவிட்டு, தலை நிமிராமலே சொன்னார்.

"தாலி கட்டறதுக்கு முன்னாடி பொண்ணு பேரைக் கேட்டுக்கோ."

இதை நான் என்னோடு வைத்துக்கொண்டிருக்கலாம். வித்யாவிடம் போனில் சொன்னது என் புத்தி. மண்டபத்தில் கெட்டிமேளம் கொட்ட, தாலியோடு குனிந்தேன். தலை குனிந்தபடியே அவள் கேட்டாள், "என் பேரு என்னன்னு கேட்டுக்கிட்டீங்களா?" முதல் முடிச்சு சரியாக விழுந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

மாமனாருக்கு அன்றைக்கே விஷயம் போய்விட்டது. சந்தேகம் தீர்ந்த முகத்தோடு பந்தியில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "இப்பத்தான் புரியுது மாப்ளே. பொதுன்னா, யார் படுத்திருந்தாலும் பார்க்கறது."

இப்போது கல்கத்தாவிலேயே பாலிகஞ்சில் குடியிருக்கிறோம். பிமல் பாபுவும் தபனும் ஒவ்வொரு டிசம்பரிலும் சந்தேஷ் இனிப்பு டப்பாவோடு வருவார்கள், அதே பழுப்புக் குல்லாக்களில். நான் டீ கொடுக்கும் முன்பே இருவருக்கும் பட்டையைக் கட்டிவிடுவேன். வருகிற எண்ணை அப்படியே எழுதுவேன். அந்த 110-க்கு 70 நினைவுக்கு வராமல் இன்றுவரை நான் யாருக்கும் ரத்த அழுத்தம் பார்த்ததில்லை.

போன டிசம்பரில் மணி அடித்ததும் வித்யாதான் கதவைத் திறந்தாள். வாசலை அடைத்துக்கொண்டு நின்ற இரண்டு குல்லாக்களையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தன் சுமாரான வங்காளத்தில் வேண்டுமென்றே கேட்டாள், "உங்க ரெண்டு பேர்ல யாரு பேஷண்ட்?"

இருவரும் ஒரே நேரத்தில் கையை நீட்டி, அவளுக்குப் பின்னால் நின்ற என்னைக் காட்டினார்கள்.