கோணி சுற்றிய பெட்டியும் பதினோரு மாத விசாரணையும்

கத்தரிக்காய் வாங்கினாலும் கார் வாங்கினாலும், பணத்தை நீட்டப்போகிற கடைசி நொடியில் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டு, "எதுக்கும் இன்னொருத்தர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்குவோம்" என்று சொல்கிற ஓர் இனம் நம்மிடையே வாழ்ந்துவருகிறது. அதற்கு விசாரிப்பாளர் என்று பெயர் வைப்போம். பார்க்க நம்மைப் போலவேதான் இருக்கும். சாப்பிடும், தூங்கும், கல்யாணம்கூடச் செய்துகொள்ளும். அது எப்படி முடிந்தது என்கிறீர்களா? பெண் வீட்டார் முடிவெடுத்திருப்பார்கள்.

ஏலாக்குறிச்சியிலிருந்து தினமும் அரியலூருக்குப் போய் இயற்பியல் நடத்தும் கிளமெண்ட் சார் இந்த இனத்தில் முதல் தரம். அவரிடம் ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் இருக்கிறது. இரண்டே இருக்கை. அதன் அடியில் பூனை போவதென்றாலும் குனிந்துதான் போக வேண்டும். லப்பைக்குடிக்காட்டில், துபாயிலிருந்து திரும்பிய ஒருவர் ஆசையாக வைத்திருந்த கார் அது. கிளமெண்ட் சார் அதை வாங்கலாமா என்று விசாரித்து முடிப்பதற்குள் அந்த துபாய்க்காரருக்கு மூன்றாவது பிள்ளை பிறந்துவிட்டது. உட்கார இடமில்லாமல் பாதி விலைக்குத் தள்ளிவிட்டார். விசாரித்தால் லாபம் என்று கிளமெண்ட் சாருக்கு அன்று பிடித்த பைத்தியம் இன்றுவரை தெளியவில்லை.

சுண்ணாம்புக்கல் லாரிகள் உழுதுபோட்ட சாலையில் அந்தக் காரைத் தினமும் ஓட்டினால் என்ன ஆகும்? நான்கு ஷாக் அப்சார்பர்களும் போயின. வேகத்தடையில் ஏறினால் சாரின் தலை கூரையில் முட்டும், இறங்கினால் நாக்கு கடிபடும், மூன்றாவது குலுக்கலில் டிபன் பாக்ஸ் தானாகத் திறந்துகொள்ளும். அவர் மனைவி ஆனி ரோஸ் பஸ்ஸுக்கு மாறிக்கொண்டாள்.

பைபாஸில் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக் செல்லமுத்து முதல் நாளே சொன்னார். "இதுக்குப் பொருந்துற செட்டு ஒண்ணு என்கிட்டயே கெடக்கு சார். வண்டிய வுட்டுட்டுப் போங்க, சாயங்காலம் ரெடி."

கிளமெண்ட் சார் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். கேட்டவுடன் கிடைக்கிற சாமான் நல்ல சாமானாக இருக்க முடியுமா? என்ன கம்பெனி என்றுகூட அவர் கேட்கவில்லை.

"எதுக்கும் ஒரு வார்த்தை விசாரிச்சுட்டு வரேன்" என்றார்.

விசாரணை பதினோரு மாதம் நடந்தது. கெட்டியானதா, மெத்தென்றதா? எண்ணெய் மட்டும் உள்ளதா, வாயுவும் அடைத்ததா? திருகினால் கூடிக் குறைவதா, திருகவே முடியாததா? ஆலத்தியூர் சிமெண்ட் ஆலை இன்ஜினியரைக் கேட்டார், துபாயில் இருக்கும் பழைய மாணவர்களைக் கேட்டார், மொழி தெரியாத வீடியோக்களைத் தலையாட்டிக்கொண்டே பார்த்தார், பாவசங்கீர்த்தனத்துக்குப் போன இடத்தில் பாவத்தை மறந்துவிட்டு ஃபாதருடைய ஜீப்பைப் பற்றி விசாரித்தார். ஒருவர் கெட்டி என்றால் மகிழ்வார். அடுத்தவர் மெத்து என்றால் இன்னும் மகிழ்வார். இருவரும் ஒன்றையே சொல்லிவிட்டால்தான் ஆபத்து. பேசிவைத்துக்கொண்டு சொல்கிறார்களோ என்று சந்தேகம் வந்துவிடும். கிடைத்த தகவலையெல்லாம் சனிக்கிழமைதோறும் பட்டறைக்கு வந்து, அங்கே கோணி சுற்றிக் கிடந்த ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்து, செல்லமுத்துவுக்கே பாடம் நடத்துவார்.

இதற்கிடையில் அவர் கைக்கும் ஒரு வியாதி வந்தது. நிற்கிற கார் எதைக் கண்டாலும் மூலையில் கை வைத்து அமுக்கி, எத்தனை ஆட்டம் ஆடி நிற்கிறது என்று எண்ணுவார். கல்யாணத்தில் மாப்பிள்ளை காரை அமுக்கினார், பூச்சரம் அறுந்தது. பெரியவர் தேவசகாயத்தின் அடக்கத்துக்குப் போனவர், மாதா கோவில் வாசலில் நின்ற அமரர் ஊர்தியை இரண்டு கையாலும் அமுக்கிவிட்டுக் குனிந்து நின்றார். இறந்தவரின் மகன் ஓடிவந்து அவரைக் கட்டிக்கொண்டு அழுதான்.

"எங்க அப்பா மேல இவ்ளோ பாசமா சார்!"

கிளமெண்ட் சார் அவன் முதுகைத் தட்டிக்கொடுத்தபடியே, அவன் தோளுக்கு மேலாக டிரைவரிடம் கேட்டார். "ஆயிலா, கேஸா?"

இப்படியே ஓய்வு பெறும்வரை காலத்தை ஓட்டியிருப்பார். மாமியார் லீலா மேரிக்குக் கண்ணில் புரை வந்துவிட்டது. பெரம்பலூரில் புதன்கிழமை ஆபரேஷன். பிறகு ஒரு மாதம் தலை குலுங்கக் கூடாது. வாடகைக் கார் வைக்கலாம் என்றால், ஸ்போர்ட்ஸ் கார்காரர் வீட்டு வாசலில் வாடகைக் காரா என்று சாருக்கு மானம் போனது.

ஆனி ரோஸ் நிதானமாகச் சொன்னாள். "புதன்கிழமைக்குள்ள மாட்டுங்க. இல்லன்னா நான் அம்மாகூட பஸ்ல போயி, அப்படியே வரதராசன்பேட்டையில அம்மா வீட்டுலயே இருந்துக்குறேன்."

கிளமெண்ட் சார் நடுங்கிப்போனார். மனைவி மேல் அவருக்கு உயிர். அவள் இல்லாத வீட்டில் ஒரு வேளைச் சோறு இறங்காது. எனவே உடனடியாகச் செயலில் இறங்கி, வாட்ஸ்அப் குழுவில் ஒரு வார்த்தை கேட்டார். நாற்பத்தாறு பதில்கள் வந்தன. நாற்பத்தைந்து வெவ்வேறு கருத்துகள். ஒருவர் மட்டும், "உங்க மிஸஸ் எத்தனை நாள் இருப்பாங்க?" என்று கேட்டிருந்தார்.

செவ்வாய்க்கிழமை மாலை பள்ளி விட்டது. தீராத யோசனையோடு காரைக் கிளப்பினார். முதல் வேகத்தடை வந்தது. தலையைக் குனிந்து, நாக்கை உள்ளிழுத்து, டிபன் பாக்ஸைப் பிடித்துக்கொண்டார். ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாவது வேகத்தடையிலும் ஒன்றும் நடக்கவில்லை. பயந்துபோய் இறங்கி மூலையை அமுக்கினார். கார் ஒரு தரம் தாழ்ந்தது, எழுந்தது, அடங்கி நின்றது. பாடப் புத்தகத்தில் போட்டிருக்கிற மாதிரியே! நடுரோட்டில் படுத்து அடியில் எட்டிப் பார்த்தார். நான்கும் புதுசு. நான்கின் மேலும் கம்பெனிப் பெயர் தெரியாதபடி கறுப்புப் பெயின்ட் பூசியிருந்தது.

"செல்லமுத்து அண்ணன்கிட்ட இன்னொரு சாவியக் கொடுத்தேன். நீங்க பாடம் நடத்துறப்ப வண்டிய எடுத்துட்டுப் போயி மாட்டிட்டு வந்து வச்சுட்டாரு" என்றாள் ஆனி ரோஸ் போனில். "பட்டறையில கோணி சுத்தி ஒரு பெட்டி கெடக்கும்ல? அதுல இருந்ததுதான்."

"நான் உக்காருவேனே, அந்தப் பெட்டியா? ஆனி, என்ன கம்..."

"கேட்டீங்கன்னா வரதராசன்பேட்டைதான்."

புதன்கிழமை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. காரில் இரண்டே இருக்கை என்பதால் ஆனி ரோஸ் பஸ்ஸில் முன்னால் வீட்டுக்குப் போய்விட்டாள். லீலா மேரி அம்மாள் கண்ணில் கட்டோடு, மாப்பிள்ளையின் காரில் அரியலூர்வரை நிம்மதியாகத் தூங்கிவந்தார். ஊர் நெருங்கும்போது விழித்துக்கொண்டு மனதாரச் சொன்னார்.

"மாப்ள, வண்டி தொட்டிலாட்டம் போகுது. என் மவன் காருக்கும் இதையே வாங்கிப் போடச் சொல்லணும். என்ன கம்பெனி?"

கிளமெண்ட் சார் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் ஒன்று. கார் நன்றாக ஓடுகிறது, கண் தெரிகிறது, மனைவி வீட்டில் இருக்கிறாள், இதற்குமேல் என்ன வேண்டும் என்று எழுந்து போகாமல், "அதெல்லாம் இருக்கட்டும், கடைசியில் எந்தக் கம்பெனிதான் மாட்டினார்கள்?" என்று உங்கள் நாக்கும் துருதுருக்கிறதல்லவா? பட்டறை பைபாஸில்தான் இருக்கிறது. போனால் செல்லமுத்துவிடம் சொல்லுங்கள், உட்கார வேறு பெட்டி போடுவார்.